இலையின் மறுபுறம்

பூவோ காயோ இல்லாத செடியை இன்னதென்று எவ்வாறு அறிவது? 17ஆம் நூற்றாண்டில் பெரணிகள் தாவரவியலாருக்குப் புதிராகவே இருந்தன.

1646இல் பிரான்சின் மார்சேய் நகரில் பிறந்த ஷார்ல் புளூமியே, மினிம் சபைத் துறவி. 1689 முதல் மும்முறை கரீபியத் தீவுகளுக்குச் சென்று, ஈரமிக்க மலைக்காடுகளில் பெரணிகளைத் தேடி வரைந்தார். இலை வடிவத்தோடு, அதன் அடிப்புறத்து வித்துத்தூள் பொட்டுகளையும் அவரது கை பதிவு செய்தது. 1704இல், பெரு நாட்டுக்குக் கப்பலேறக் காத்திருந்தபோது, ஸ்பெயினில் இறந்தார். அவரது பெரணி நூல் மறு ஆண்டே வெளிவந்தது.

1753இல் லின்னேயஸ் பெரணிகளை அப்பொட்டுகளைக் கொண்டே வகைப்படுத்தினார்: வட்டமாயின் ஒரு பேரினம், கோடாயின் வேறொன்று, இலையோரத்தில் ஓடினால் மற்றொன்று. வெப்பமண்டலக் காட்டைக் கண்டிராத அவர், அமெரிக்கப் பெரணிகள் பலவற்றுக்குத் துறவியின் படங்களையே ஆதாரமாகக் கொண்டார்.

படைப்புகளுக்குப் பெயரிடும் பணியை ஆதாமிடம் ஒப்படைத்தார் இறைவன். பொறுமையாகப் பார்த்த பின்னரே அப்பணி நிறைவுறும். நம் பங்குகளிலும் பூக்காத பெரணிகளைப் போன்றோர் பலர் உண்டு. அவர்களுக்கு நாம் எளிதில் பெயர் சூட்டிவிடுகிறோம். இலையைத் திருப்பிப் பார்த்தோமா?