பாடியும் புளிச்சைச் செடியும்

சென்னையிலிருந்து திருவள்ளூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற திருவலிதாயம் என்னும் சிவாலயத்தைத் தன்னகத்தே கொண்ட பாடி, 1960களின் தொடக்கத்தில் மோட்டார் உறுப்புகள் செய்யும் ஆலைகள் வந்து சேரும்வரை, செங்கல்பட்டு ஜில்லாவின் கிராமங்களுள் ஒன்றாகவே இருந்தது. அச்சாலை திருத்தணியைக் கடந்து திருப்பதிக்கும் போவதால், ஆந்திரர் கோங்கூரா என்றும் நாம் புளிச்சக்கீரை என்றும் சொல்லும் இலையை எண்ணெயில் வதக்கி, காய்ந்த மிளகாயும் பூண்டும் கூட்டித் துவையலாக்கும் வழக்கம் இப்பிரதேசத்து அடுக்களைகளுக்கு அந்நியமானதன்று.

புளிச்சை என்னும் பெயரால் வழங்குவன இரண்டு இனங்கள். அவற்றுள் 1753இல் லின்னேயஸ் என்னும் ஸ்வீடன் தேசத்துப் பண்டிதர் சாஸ்திரப் பெயரிட்ட சிவப்புப் புளிச்சை, வெண்டையும் பருத்தியும் சேர்ந்த குடும்பத்தது. ஆப்பிரிக்காவில் பிறந்து, அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களின் வழியே மேற்கே போய், 1707க்குள் ஜமைக்காவிலும் பயிராகிவிட்டது. பகற்பொழுது குறுகத் தொடங்கிய பின்னரே மொட்டு விடுவது இதன் விசேஷ குணம். கருஞ்சிவப்பு நடுவுடன் வெளிர்மஞ்சளாக மலரும் பூவுக்கு ஆயுள் ஒரு பகலே. ஆனால், பல பூக்களில் வாடி உதிரும் புறவிதழ் இதிலோ, பூ வீழ்ந்த பின்னர் நாளுக்கு நாள் சதைபற்றிச் சிவந்து, புளிச்சாறு நிரம்பி, உள்ளேயுள்ள விதைக்காயைச் சூழ்ந்து நிற்கும் அற்புதத்தை என்னவென்று சொல்வது! சூடான் தேசத்தார் அதனை உலர்த்திப் பானமாக்குகின்றனர். பாகு எளிதில் உறைவதால் ஜாமுக்கும் அது மிக ஏற்றது.

அதிகம் கிளைக்காமல் உயர்ந்து வளரும் மற்றோர் இனத்தின் தண்டை நீரில் ஊறவைத்து நார் உரிப்பார்கள். சென்னை ராஜதானியின் விசாகப்பட்டினம் ஜில்லாவிலிருந்த பிம்லிப்பட்டணத்தின் பெயரால் புளிச்சை இனத்து நார் வர்த்தகத்தில் பிரசித்தி பெற்றிருந்தது. 1947இல் தேசம் பிரிக்கப்பட்டபோது சணல் விளையும் பூமியில் பெரும்பங்கு கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போய்விட, மூலப்பொருளின்றித் தவித்த கல்கத்தா ஆலைகளுக்காக இந்நார்ப்பயிர் பல இடங்களில் விருத்தி செய்யப்பட்டது.

நாமோ சிவப்புப் புளிச்சையின் இளஞ்செடியை வேரோடு பிடுங்கிக் கட்டாகக் கட்டி விற்றும் வாங்கியும் பழகிவிட்டபடியால், தலைமுறை தலைமுறையாக இதனை உண்டும் இதன் பூவைக் கண்டவர்கள் நம்மிடையே மிகச் சிலரே. இலையோடு திருப்தியடைந்து, இச்செடியின் மேலான பயனாகிய புறவிதழை நாம் இழந்து வந்திருக்கிறோம் என்பதே என் துணிபு. பாடியிலும் அதனை அடுத்த அம்பத்தூரிலும் கொல்லையில் ஒரு முழ மண்ணேனும் வைத்திருப்போர், ஆடியில் விதைத்த சிவப்புப் புளிச்சையில் இரண்டொரு செடிகளையாவது பிடுங்காமல் கார்த்திகை வரை நிற்க விடுவார்களாக.