வராத சீட்டின் கணக்கு: தமிழ்நாட்டில் ரம்மியும் சட்டமும், 1930 முதல் 2025 வரை

ரம்மி ஆடுகிறவருக்கு ஒவ்வொரு கையிலும் எழும் கேள்வி ஒன்று உண்டு. கை இன்னும் சேரவில்லை; வேண்டிய சீட்டு வரும் என்று காத்திருப்பதா, ஸ்கூட் சொல்லி விலகுவதா? தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி ஆட்ட மேசையோடு நிற்கவில்லை. அப்படிக் காத்திருப்பது திறமையா, அதிர்ஷ்டமா என்பதை வைத்தே ஆடியவர் குற்றவாளியா இல்லையா என்று நீதிமன்றங்கள் முடிவு செய்து வந்தன.

வராத சீட்டுக்கு மதிப்புப் போடும் முயற்சி பழையது. இத்தாலியரான கார்டானோ 16ஆம் நூற்றாண்டில் சூதாட்டக் கணக்கைப் பற்றி எழுதிய நூல், அவர் மறைந்து வெகுகாலம் கழித்து 1663இல் அச்சேறியது. அதற்கு முன்பே, 1654இல், பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதி விவாதித்த புதிர், பாதியில் நின்ற ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்பது. முடியாத கைக்கு என்ன விலை என்பதுதான் அதன் சாரம். அந்தக் கணக்கைப் போக்கர் ஆட்டக்காரர்கள் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். கையில் இரண்டு, மேசையில் மூன்று என ஐந்து சீட்டுத் தெரிகிறது. அவற்றில் நான்கு ஒரே சின்னம். தெரியாத 47 சீட்டில் அந்தச் சின்னத்தின் 9 சீட்டுகளில் ஒன்று வந்தால் கை முடியும். அடுத்த சீட்டிலேயே வர 19 சதவீத வாய்ப்பு. இரண்டு சீட்டுக்குள் வர 35 சதவீதம். குவிந்திருக்கும் பணம் 100, எதிராளி 50 வைக்கிறார் என்றால், 150ஐ வெல்ல நாம் 50 போட வேண்டும். 25 சதவீத வாய்ப்பாவது இருந்தால்தான் தொடர்வதில் பொருள் உண்டு. அடுத்த சீட்டு ஒன்றை மட்டும் கணக்கில் எடுத்தால் விலகுவதே சரி. போக்கர் நூலாசிரியர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி இந்த வகை முடிவுகளை ஒரு கோட்பாடாகவே தொகுத்தார்.

நம் 13 சீட்டு ரம்மியிலும் இதே கணக்கு ஒளிந்திருக்கிறது. இரண்டு கட்டு, கட்டுக்கு ஒரு ஜோக்கர், ஆக 106 சீட்டு. கையில் 13, திறந்த சீட்டு ஒன்று, வெட்டு ஜோக்கர் ஒன்று போக நமக்குத் தெரியாதவை 91. இஸ்பேட் 6, 7 வைத்திருப்பவருக்கு 5 அல்லது 8 வேண்டும். இரண்டு கட்டிலும் சேர்த்து அவை நான்கு. மூடிய கட்டிலிருந்து எடுக்கும் சீட்டு அவற்றில் ஒன்றாக இருக்க 4.4 சதவீத வாய்ப்புதான். 6, 8 வைத்துக்கொண்டு நடுவே 7க்குக் காத்திருப்பவருக்கு அதில் பாதி. வெட்டு ஜோக்கரின் எண்ணுள்ள மற்றச் சீட்டுகளும் ஜோக்கராகவே பயன்படும் என்பதால், கையில் ஜோக்கர் எதுவும் இல்லையென்றால் ஒன்பது ஜோக்கர் வெளியே இருக்கின்றன. அவற்றையும் சேர்த்தால் வாய்ப்பு முறையே 14.3, 12.1 சதவீதமாக உயர்ந்து, இரண்டு கைகளுக்கும் இருந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் ஜோக்கர் இல்லாத ஒரிஜினல் ரம்மி ஒன்று சேராமல் டிக் அடித்து ஆட்டத்தை முடிக்க முடியாது. அதற்கு அந்த 4.4 சதவீதத்தைத்தான் நம்ப வேண்டும். எதிரே இருப்பவர் இஸ்பேட் 8ஐக் கீழிருந்து எடுத்தால் அதுவும் குறைகிறது. தொடக்கத்திலேயே ஸ்கூட் சொன்னால் 20 புள்ளி போகும். நடுவில் விலகினால் 40. கடைசி வரை ஆடித் தோற்று ஃபுல் வாங்கினால் 80. ஆகவே நன்றாக ஆடுகிறவர், மோசமான கையை முதலிலேயே போட்டுவிடத் தெரிந்தவர்.

சட்டத்தின் பக்கம் வருவோம். சென்னை நகருக்கு 1888ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டம் இருந்தது. அதற்கு வெளியே, அன்று தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம் போன்ற ஊர்களுக்குப் பொருந்தியது 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம். அதன் 11ஆம் பிரிவு, திறமை ஆட்டங்களை எங்கே ஆடினாலும் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கியது. ஸ்ரீமுஷ்ணத்துத் திண்ணையில் ஆடும் சீட்டு குற்றமா என்பதற்கான விடை, அந்த ஆட்டம் இந்த விலக்குக்குள் வருமா என்பதில் அடங்கியிருந்தது.

எந்த ஆட்டம் உள்ளே வரும் என்பதை உச்ச நீதிமன்றம் படிப்படியாகச் சொன்னது. 1957இல் சமர்பாக்வாலா வழக்கில், வெற்றி கணிசமான அளவுக்குத் திறமையைப் பொறுத்திருக்கும் போட்டி சூதாட்டமல்ல என்றது. ரம்மிக்கு நேரடியான விடை 1967 நவம்பரில், செகந்திராபாத் கிரெசென்ட் பொழுதுபோக்கு மன்றத்தைப் பற்றிய சத்தியநாராயணா வழக்கில் கிடைத்தது. மூணு சீட்டைப் போல ரம்மி முழுக்க அதிர்ஷ்டம் அல்ல. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது எதை எறிவது என்று தெரிய வேண்டும் என்று நீதிமன்றம் விளக்கியது. ஆட்டத்தை விட்டு விலகும் முடிவு அந்த விளக்கத்தில் வரவில்லை. என் பார்வையில் திறமையின் பாதி அங்கேதான் இருக்கிறது.

அதே தீர்ப்பில் இன்னொரு வாசகமும் உண்டு. பந்தயத்துக்கு ஆடப்படும் ரம்மியிலிருந்து மன்றமோ வீட்டுக்காரரோ லாபம் பார்த்தால் குற்றம் நிலைக்கக்கூடும் என்று அது எச்சரித்தது. பிற்பாடு ரம்மிக்காக வாதாடியவர்கள் முதல் வாசகத்தையே முன்னே கொண்டுவந்தார்கள். 1996இல் சென்னை குதிரைப்பந்தய மன்றத்தைப் பற்றிய லட்சுமணன் வழக்கு, திறமை மேலோங்கியிருந்தாலே போதும் என்று அந்தப் பாதையை அகலமாக்கியது. 2012இல் மகாலட்சுமி கலாசாரச் சங்க வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் எதிர்ப்பக்கம் நின்று, பணம் வைத்து ரம்மி ஆடுவது சூதாட்டமே என்றது. மேல்முறையீடு 2015இல் உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தபோது அந்தக் கருத்து நிலைக்கவில்லை.

பிறகு ஆட்டம் கைபேசிக்கு இடம்மாறியது. மேசையில் சீட்டைக் கலைத்துப் போடவும், எதிராளியின் முகத்தைப் பார்க்கவும், எழுந்து டீ குடித்துவிட்டு வரவும் நேரம் இருந்தது. கைபேசியில் ஒரு கை முடிந்ததும் அடுத்த கை தயாராக நின்றது. ஆட்டத்துக்கு ஆட்டம் கமிஷன் எடுத்த நிறுவனத்துக்கு, எத்தனை பேர் எத்தனை கை ஆடினார்கள் என்பதே வருமானம். 1967 தீர்ப்பு எச்சரித்த லாபம் அப்போது தொழிலாகவே நடந்தது. கடனில் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் தமிழ்நாட்டை உலுக்கின. அந்த வீடுகளில் திறமையா அதிர்ஷ்டமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

2020 நவம்பரில் இணையவழிப் பண ஆட்டங்களைத் தடுக்கத் தமிழ்நாடு அரசின் அவசரச் சட்டம் வந்தது. 2021இல் அது சட்டமாகி, பணம் வைத்தால் திறமை ஆட்டத்துக்கும் விலக்கில்லை என்றது. 2021 ஆகஸ்ட் 3 அன்று உயர் நீதிமன்றம் அதை அளவுக்கு மீறியது என்று ரத்து செய்தது. 2022இல் இந்த ஆட்டங்களை ஆராய அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு அறிக்கை தந்தது. அவ்வாண்டு அக்டோபரில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்ப, அது மறுபடி நிறைவேறி ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. இம்முறை ரம்மியும் போக்கரும் தடைப் பட்டியலில் பெயர் சொல்லியே இடம்பெற்றன. 2023 நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, பட்டியலிலிருந்து அந்த இரண்டையும் விலக்கியது. இரண்டும் திறமை ஆட்டங்கள் என்பதே காரணம். போக்கரில் மாநிலத்துக்கு மாநிலம் பார்வை வேறுபட்டது: 2017இல் குஜராத் உயர் நீதிமன்றம் அதை அதிர்ஷ்டத்தின் பக்கம் வைத்திருந்தது.

2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம் அந்தப் பழைய கேள்வியையே ஓரங்கட்டியது. பணம் கட்டி, பணத்தை எதிர்பார்த்து இணையத்தில் ஆடினால் போதும், அந்த ஆட்டம் தடைக்குள் வந்துவிடும். ஆட்டம் திறமையால் ஆனதா, அதிர்ஷ்டத்தால் ஆனதா, இரண்டும் கலந்ததா என்ற வேறுபாடு அதன் வரையறைக்குத் தேவையில்லை. சட்டம் குறிவைப்பது ஆட்டத்தை நடத்துகிறவரையும் விளம்பரம் செய்கிறவரையும் பணப் பரிமாற்றத்துக்கு உதவுகிறவரையும், ஆடுகிறவரை அல்ல. லாபம் யாருக்கு என்று 1967 தீர்ப்பு கேட்டதைத்தான் இந்தச் சட்டம் வேறு வழியில் கேட்கிறது என்று நான் படிக்கிறேன். திறமைக்கு விலக்கு என்ற வாதம் இனி நேருக்கு நேர் ஆடும் ஆட்டத்துக்கு மட்டுமே மிஞ்சுகிறது.