தோலுக்குள் பதுங்கிய தூக்கம்

1926. கேமரூனில் அயோஸ் என்ற ஊரைத் தலைமையிடமாக்கிக்கொண்டு பிரெஞ்சு ராணுவ மருத்துவர் யூஜின் ஜாமோ வேலையைத் தொடங்கினார். தூக்க நோய்க்காரன் ஆஸ்பத்திரியைத் தேடி வரமாட்டான், நாம்தான் போகவேண்டும் என்பது அவர் கட்சி. கிராமமே வரிசையில் நிற்கும். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று ஒருவர் தடவிப் பார்ப்பார். கட்டியிருந்தால் ஊசியால் நீர் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைப்பார்கள். செட்சி ஈ கடித்து ஏற்றிய ஒட்டுண்ணி நெளிந்தால் மருந்து. இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

முறை பலித்தது. (ஜாமோவுக்குத்தான் பலிக்கவில்லை. அவருக்குக் கீழிருந்த மருத்துவர் ஒருவர் மருந்தின் அளவைக் கூட்ட, நூற்றுக்கணக்கானோர் பார்வை போனது. பழி ஜாமோவின் தலையில் விழுந்தது.) 1960-களில் ஆப்பிரிக்கா முழுவதுமே ஆண்டுக்கு 5,000 பேருக்கும் குறைவு. நோய் போயிற்று என்று குழுக்களைக் கலைத்தார்கள். 1998-ல் பதிவானவர்கள் மட்டும் ஏறக்குறைய 40,000 பேர்.

போரும் அலட்சியமும் காரணம் என்பார்கள். உண்மைதான். ஆனால் இத்தனை ஆண்டுகள் கிருமி எங்கே இருந்தது?

2016-ல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் காங்கோவிலிருந்து வந்த 1,121 பழைய தோல் மாதிரிகளை எடுத்துப் பார்த்தார்கள். யானைக்கால் புழுவுக்கு உறவான வேறொரு புழுவைத் தேடி என்றோ வெட்டி வைத்தவை அவை. ஆறு பேரின் தோலில் தூக்க நோய் ஒட்டுண்ணி இருந்தது. அந்த ஆறு பேருக்கும் நோய் இருப்பதாக யாரும் சொன்னதில்லை. எலிகளில் சோதித்தபோது, ரத்தத்தில் கண்ணுக்குத் தட்டுப்படாத நிலையிலும் தோலைக் கடித்த ஈ கிருமியை வாங்கிக்கொண்டது. சியரா லியோனை விட்டு வெளியேறி 29 ஆண்டுகள் கழித்து ஒருவருக்கு இந்நோய் கண்டறியப்பட்டதும் பதிவாகியிருக்கிறது.

இப்படிப் பதுங்கியவர்களைத் தவறவிட்டதில், என் கணக்கில், மைக்ராஸ்கோப்பைவிட மருந்தின் மேல்தான் குற்றம் அதிகம். மூளைக்கு ஏறிய நோய்க்குப் பல பத்தாண்டுகள் தந்தது ஆர்சனிக் கலந்த மெலர்சோபிரோல். போட்டுக்கொண்ட இருபது பேரில் ஒருவரை அந்த மருந்தே கொன்றது. அப்படிப்பட்ட பாஷாணத்தைச் சந்தேகத்தின் பேரில் யார் கொடுப்பார்? தொற்றின் அடையாளமான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தும் கிருமி சிக்காதவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள், ஈக்கள் இருந்த ஊருக்கே.

2018-ல் நோயாளிகள் எண்ணிக்கை 1,000-க்குக் கீழே வந்தது. 2030-க்குள் தூக்க நோயின் காம்பியா என்னும் வகை பரவுவதை அடியோடு நிறுத்துவது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. இப்போது கையில் அசோசிபோரோல் இருக்கிறது: ஒரே வேளை, மூன்று மாத்திரை, ஆர்சனிக் கிடையாது. கிருமி கண்ணில் படாமல், எதிர்ப்பொருள் மட்டும் இருப்பவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு காங்கோவிலும் கினியிலும் நடந்திருக்கிறது.