இல்லம் தேடிச் சென்ற உடற்பயிற்சி: முதியோர் கீழே விழுவதைத் தடுக்கும் முயற்சிகளின் வரலாறு

முதியோர் கீழே விழுவதை மூப்பின் இயல்பு என்று ஒதுக்காமல் ஆய்வுப்பொருளாகக் கொண்ட முன்னோடிகளுள் ஒருவர் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நகர மருத்துவர் ஜே. எச். ஷெல்டன். 1960இல் வெளிவந்த அவரது கட்டுரை, விழுந்த நிகழ்வுகள் 500ஐப் பகுத்தாய்ந்தது. தடுக்கி விழுதல், தலைச்சுற்றல், நினைவு தப்பாமலே கால் மடங்கிச் சரிதல் எனக் காரணங்கள் பலவாயின. காரணங்கள் புலப்பட்ட அளவுக்குத் தடுக்கும் வழி அன்று புலப்படவில்லை.

அவ்வழிகளுள் முதன்மையான ஒன்று நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருப்பெற்றது. ஜான் கேம்பல், கிளேர் ராபர்ட்சன் முதலியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வில் 80 வயதும் அதற்கு மேலுமான 233 பெண்கள் பங்கேற்றனர். இயன்முறை மருத்துவர் முதல் இரு மாதங்களில் நான்குமுறை வீட்டிற்கே சென்று, கால் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியையும் உடற்சமநிலைப் பயிற்சியையும் அவரவர் நிலைக்கேற்பக் கற்பித்தார். ஓராண்டில் பயிற்சிக் குழுவினர் 88 முறையும் மற்றக் குழுவினர் 152 முறையும் விழுந்தனர். மற்றக் குழுவினரையும் ஆய்வாளர்கள் அதே எண்ணிக்கையில் சென்று சந்தித்துப் பேசியிருந்தனர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. எனவே, பயன் தந்தது பயிற்சியே, வெறும் வருகையன்று. ஆயினும், வருகையின்றிப் பயிற்சி நிலைக்குமா என்னும் வினா எஞ்சியது. 2001இல் வெளியான ஆய்வொன்றில் இயன்முறை மருத்துவரின் இடத்தைப் பயிற்சி பெற்ற செவிலியர் ஏற்றார்.

அடுத்து அவ்விடத்திற்கு வந்தது தொடுதிரைக் கணினி. சிட்னியில் கிம் டெல்பேர் குழுவினர் உருவாக்கிய 'ஸ்டாண்டிங்டால்' என்னும் செயலி, 70 வயதும் அதற்கு மேலுமான 503 பேரிடம் ஈராண்டுகள் ஆராயப்பட்டது. முடிவுகள் 2021இல் வெளிவந்தன. வாரத்திற்கு இரண்டு மணிநேரம் சமநிலைப் பயிற்சி செய்வது இலக்கு. முதன்மை அளவீடாக வகுக்கப்பட்ட 12ஆம் மாத முடிவில் இரு குழுக்களுக்கும் இடையே புள்ளியியல் அடிப்படையில் உறுதியான வேறுபாடு இல்லை. 24 மாதங்களில் விழும் வீதம் 16 விழுக்காடும், காயம் விளைவித்த விழுதல்களின் வீதம் 20 விழுக்காடும் குறைந்திருந்தன. பின்னதை மட்டும் எடுத்துக்காட்டி வெற்றி என அறிவிப்பது முறையன்று. முன்னதை மட்டும் கொண்டு தோல்வி என்பதும் பொருந்தாது. தசைவலுவும் சமநிலையும் மெல்லவே கைகூடுவன. இடைவிடாப் பயிற்சியின்றி நிலையாதன.

ஆதலின், விழுந்தோர் கணக்கைப் போன்றே தொடர்ந்தோர் கணக்கும் இன்றியமையாதது. பயிற்சிக் குழுவின் 254 பேரில் 12ஆம் மாதத்தில் 173 பேரும், 24ஆம் மாதத்தில் 132 பேரும் பயிற்சியைத் தொடர்ந்துகொண்டிருந்தனர்.