காரணமே இல்லாம கடுப்பாகுதா? உங்க 'நிழலை' கொஞ்சம் கவனிங்க!

அதிராம்பட்டினம் கடலோரத்தில் அலையாத்திக் காட்டைப் பார்த்திருக்கிறீர்களா? சேற்றிலிருந்து வேர்கள் குச்சி குச்சியாய் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். சேற்றுக்குள் காற்று போதாது. அதனால் மூச்சுவிட வெளியே வருகின்றன. நம்ம மனசும் கிட்டத்தட்ட அப்படித்தான். அடியில் எதை அமுக்கி வைத்தாலும், ஒருநாள் மேலே எட்டிப் பார்க்கும்.

இதை ஆழமாக ஆராய்ந்தவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் (1875-1961). ஃப்ராய்டுடன் நெருக்கமாக இருந்தவர், 1913-ல் பிரிந்து 'பகுப்பாய்வு உளவியல்' என்ற தனிப்பாதையை உருவாக்கினார்.

நிழல்னா என்ன?

ஊருக்குக் காட்டும் முகம், 'முகமூடி'. இன்ஸ்டா புரொஃபைல் மாதிரி! 'இது நான் இல்லப்பா' என்று ஒதுக்கிய கோபம், பொறாமை, ஆசை எல்லாம் 'நிழல்'. வீட்டில் திட்டு வாங்கி நிறுத்திய பாட்டும் ஓவியமும்கூட அங்கேதான் பதுங்கியிருக்கும். நமக்குள் பார்க்க மறுப்பதை அடுத்தவரிடம் பார்த்து எரிச்சலாவோம் என்கிறார் யுங்.

கல்கத்தாவில் வந்த கனவு

1938 ஜனவரியில் இந்திய அறிவியல் மாநாட்டுக்காக யுங் கல்கத்தா வந்தார். வயிற்றுக்கடுப்பால் பத்து நாள் ஆஸ்பத்திரி வாசம். அதன்பின் ஒரு கனவு: ஒரு தீவில் இருக்கிறார். கடல் குறுக்கே ஓடுகிறது. பாலமும் இல்லை, படகும் இல்லை. அக்கரையில் இருக்கும் புனிதக் கிண்ணத்தை எடுத்துவர அவர் தனியாக நீந்தியாக வேண்டும். 'இந்தியா உன் வழியில் ஒரு கட்டம்தான். உன் வேலை உன் மண்ணில் இருக்கிறது' என்று அந்தக் கனவைப் புரிந்துகொண்டார். சென்னை வரை வந்தும் ரமண மகரிஷியைப் பார்க்காமலேயே திரும்பினார். அடுத்தவர் தேடிக் கண்டதை நம்முடையதாக ஆக்கிக்கொள்ள முடியாது என்பது அவர் எண்ணம்.

நீங்க எப்படித் தொடங்கலாம்?

* எழுந்ததும் மொபைலை எடுக்காமல், கனவை இரண்டு வரி எழுதுங்கள்.
* கனவுப் பலன் தேட வேண்டாம். 'இது எனக்கு எதை ஞாபகப்படுத்துது?' என்று கேளுங்கள்.
* யார் மேலாவது அளவுக்கு மீறிக் கோபம் வந்தால், 'இதில் என் பங்கு எவ்வளவு?' என்று யோசியுங்கள். அதற்காக அவர் செய்த தப்பு சரியாகிவிடாது.

தூக்கம் கெட்டு, பயமோ சோகமோ விடாமல் துரத்தினால் தனியாகப் போராடாதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மனஸ் 14416 எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். உள்ளே இறங்கும்போது கூட ஒரு கை இருப்பது நல்லதுதானே!