கப்பலேறுவோர் கைமாற்றிய சொற்கள்

உல்லாசக் கப்பலில் சென்று திரும்பிய எவரிடமும் சிறிது நேரம் பேசிப் பாருங்கள். கண்ட ஊர்களைப் பற்றிச் சொல்வதற்கு முன்பாகவே அவர் யோசனை சொல்லத் தொடங்கிவிடுவார். நடுக்கப்பலில் அறை கேளுங்கள். ஒருநாள் முன்னதாகவே துறைமுக நகருக்குப் போய்ச் சேருங்கள். மருந்தைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். ஒத்திகை மணி அடித்தால் சோம்பாமல் எழுந்து போங்கள். கேட்பதற்கு இவை சில்லறைச் செய்திகளாகவே தோன்றும். ஆயினும், இவை ஒவ்வொன்றின் பின்னும் யாரோ ஒருவர் பட்ட பாடு நிற்கிறது. அந்தப் பாடுகளைக் கோத்துப் பார்த்தால் ஏறத்தாழ 180 ஆண்டுக் காலக் கடற்சுற்றுலா வரலாறு கிடைத்துவிடுகிறது.

கடலில் போவது இன்பத்துக்காக என்னும் எண்ணமே மிகப் புதியது. நம் மரபில் கடலோடுதல் பொருள் தேடும் வினை. கடற்பயணத்தில் மகளிரை உடனழைத்துச் செல்லும் வழக்கமில்லை என்று தொல்காப்பியம் இலக்கணமே வகுத்திருக்கிறது. தலைவன் போவான், தலைவி காத்திருப்பாள் என்பதே பாட்டின் இயல்பு. மேலை நாடுகளிலும் நிலைமை வேறன்று. வணிகன், படைவீரன், குடியேறுபவன், அடிமை என இவர்களே கப்பலில் போனார்கள். போய்ச் சேருவதற்காகப் போனார்களேயன்றிப் போவதற்காகப் போனவர் இலர்.

இந்நிலையை மாற்றியது அஞ்சல் பை. பெனின்சுலர் என்னும் ஆங்கிலேயக் கப்பல் நிறுவனம் 1837இல் ஐபீரியத் தீபகற்பத்துக்குத் தபால் சுமக்கும் ஒப்பந்தத்தைப் பெற்றது. 1840இல் ஓரியண்டல் என்னும் சொல்லும் பெயரில் சேர, அது இன்று உலகறிந்த பி அண்டு ஓ நிறுவனமாயிற்று. தபாலுக்காக எப்படியும் ஓடியாக வேண்டிய கப்பல்களில் வேடிக்கை பார்ப்பவர்களையும் ஏற்றிக்கொண்டால் என்ன என்று கருதி, 1844இல் மத்தியதரைக் கடலைச் சுற்றிவரும் பயணங்களை அது விளம்பரப்படுத்தியது. அவ்விளம்பரத்துக்குத் துணையாக நாவலாசிரியர் தாக்கரேக்கு இலவசச் சீட்டு அளித்தது. அவர் லிஸ்பன், ஏதென்ஸ், கான்ஸ்டாண்டிநோபிள், ஜெருசலேம், கெய்ரோ எனச் சுற்றிவந்து, மைக்கேல் ஏஞ்சலோ டிட்மார்ஷ் என்னும் புனைபெயரில் 1846இல் பயணநூல் வெளியிட்டார்.

இதற்கு 23 ஆண்டுகள் கழித்து, 1867 ஜூன் மாதம் குவேக்கர் சிட்டி என்னும் நீராவிக் கப்பல் நியூயார்க்கிலிருந்து ஐரோப்பாவுக்கும் புனித பூமிக்கும் புறப்பட்டது. கட்டணம் 1,250 டாலர். அதில் மார்க் ட்வெய்னும் சென்றார். அவருடைய சீட்டுக்குப் பணம் கட்டியது கப்பல்காரர் அல்லர். கலிபோர்னியாவின் செய்தித்தாள் ஒன்று. ஆகவே உடன்வந்த பயணிகளையும், வழிகாட்டிகளையும், தம்மையுமே எள்ளி நகையாடும் சுதந்திரம் அவருக்கு இருந்தது. 1869இல் நூலாக வந்த அந்தக் கேலி அவரைப் புகழேணியில் ஏற்றியது. தாக்கரேயின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆனால் இவ்விரு சீட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் முதல் யோசனை பிறக்கிறது: கப்பலைப் பற்றி எவர் எழுதியதைப் படித்தாலும், அவர் எவர் பணத்தில் போனார் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1844இல் தொடங்கிய வழக்கம் காணொளிகளின் காலத்திலும் மாறிவிடவில்லை.

உல்லாசப் பயணத்தைத் தனித் தொழிலாக வளர்த்தவர் ஆல்பர்ட் பாலின் என்னும் ஜெர்மானியர். ஹாம்பர்க் அமெரிக்கக் கப்பல் நிறுவனத்தின் நிர்வாகிகளுள் ஒருவரான அவரை வருத்தியது குளிர்காலம். வட அட்லாண்டிக் கடலின் சீற்றத்துக்கு அஞ்சிப் பயணிகள் வருவதில்லை. பெருங்கப்பல்கள் சும்மா நின்று நட்டம் விளைவித்தன. 1891 ஜனவரி 22 அன்று அகஸ்டா விக்டோரியா என்னும் கப்பலை 241 பயணிகளுடன் கதிரவனைத் தேடி மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார். தாமும் மனைவியோடு ஏறிக்கொண்டார். ஏறத்தாழ 2 மாதம் நீடித்த அப்பயணம் வெற்றியாயிற்று. கோடையில் அலாஸ்காவிலும் மத்தியதரையிலும், குளிர்காலத்தில் கரீபியனிலும் எனக் கப்பல்கள் இன்று இடம்பெயர்ந்து கொண்டிருப்பது பாலின் காட்டிய வழியே.

கப்பல் பருவத்தைத் தேடிப் போகிறது என்றால் பயணியும் பருவம் பார்த்தே சீட்டு வாங்க வேண்டும். ஜூன் முதல் நவம்பர் வரை கரீபியனில் சூறாவளிக் காலம்; கட்டணம் மலிவதற்கு அதுவும் ஒரு காரணம். நம் வங்கக் கடலிலோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும். மலிவைக் கண்டு மயங்குமுன் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்வது நலம்.

பாலின் அத்துடன் நிற்கவில்லை. சுற்றுலாவுக்கென்றே கட்டப்பெற்ற முதற்கப்பல் எனப் பெரும்பாலும் கருதப்படும் பிரின்செசின் விக்டோரியா லூயிசே 1900இல் நீரில் இறக்கப்பட்டது. உள்ளே முதல் வகுப்பு அறைகள் மட்டுமே இருந்தன. 1906 டிசம்பரில் அது ஜமைக்கா அருகே தரைதட்டி அழிந்தது. பயணிகள் யாவரும் பிழைத்தனர். கப்பல் தலைவர் மட்டும் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அறை என்றதும் நடுக்கப்பல் யோசனை நினைவுக்கு வருகிறது. பூங்காவில் குழந்தைகள் ஆடும் சீசாப் பலகையை எண்ணிக்கொள்ளுங்கள். முனைகள் விண்ணுக்கும் மண்ணுக்குமாக ஏறி இறங்க, நடுவில் அசைவே இல்லை. கப்பலும் அலைமீது அப்படித்தான் ஆடுகிறது. பக்கவாட்டு அசைவோ மேலே போகப் போக மிகும். ஆகவே தலைசுற்றலுக்கு அஞ்சுவோர்க்கு நடுப்பகுதியின் கீழ்த்தள அறையே உகந்தது. இக்காலக் கப்பல்களின் அடிப்பகுதியில் துடுப்புப் போன்ற அசைவு தணிப்பிகள் உள்ளன என்றாலும், அவை அசைவைக் குறைக்குமேயன்றி நீக்கமாட்டா. 2022இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பலொன்றில் நாம் குடும்பத்துடன் இரண்டிரவு சென்றபோது, அமைதியான கடலிலும் மேல்தள முன்னறைக்காரர் காலையுணவைத் தொடாமல் எழுந்து போனதையும், கீழ்த்தள நடுவறைக்காரர் இரண்டாம் தட்டு இட்லிக்கு நின்றதையும் கண்டோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பெருங்கப்பல்களின் முதல் வேலை கடலைக் கடப்பதாகவே இருந்தது. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நிலவியபோது, கடலெல்லையைத் தாண்டியதும் மது வழங்கிய அயல்நாட்டுக் கப்பல்களில் எங்கும் போகாமல் சுற்றித் திரும்பும் பயணங்கள் பெருகின. ஊர் தேவையில்லை, கப்பலே போதும் என்னும் கருத்து அங்கே வேரூன்றியது. 1958 அக்டோபரில் அட்லாண்டிக்கைக் கடக்கும் ஜெட் விமானச் சேவை தொடங்கிற்று. ஏறத்தாழ ஒரு வாரப் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கவே, கடக்கும் தொழில் கப்பலின் கையை விட்டுப் போயிற்று. எஞ்சியது களிப்பு ஒன்றே. 1966இல் சன்வர்டு என்னும் கப்பல் மயாமியிலிருந்து கரீபியச் சுற்றுகளைத் தொடங்கியது. 1972இல் கார்னிவல் நிறுவனத்தின் முதற்கப்பல் தன் முதற்பயணத்திலேயே மயாமி அருகே மணல்திட்டில் சிக்கியது. அந்நிறுவனமோ பின்னர் உலகிலேயே பெரியதாயிற்று.

ஜெட் விமானம் கப்பலைக் கொல்லவில்லை. பயணிகளைக் கப்பலடிக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வண்டியாக மாறியது. ஒருநாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள் என்னும் யோசனை இங்கிருந்து பிறந்தது. விமானம் தாமதித்தால் அடுத்த விமானம் உண்டு. கப்பல் போய்விட்டால் அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் ஓட வேண்டும். இடைத்துறைகளில் தாமாகச் சுற்றப் போகிறவர்க்கும் இதுவே விதி: குறித்த நேரம் கடந்தால் கப்பல் காத்திராது. பெரிய பெட்டி அறைக்கு வந்துசேர மாலையாகிவிடும் என்பதால் மருந்து, கடவுச்சீட்டு, மாற்றுடை ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். இந்தியக் கடவுச்சீட்டுடன் போகிறவர்கள் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் கப்பலேறி அங்கேயே திரும்பினால், திரும்புவது புதிய நுழைவாகவே கருதப்படும். பலமுறை நுழையும் விசா இன்றியமையாதது.

கட்டணத்தை எல்லோர்க்கும் எட்டும்படி குறைத்து, மது, சூதாட்டம், கரைச் சுற்றுலா, இணையம் எனக் கப்பலுக்குள்ளேயே பணம் ஈட்டுவது மயாமிக் கால உத்தி. எனவே சீட்டின் விலை பயணத்தின் விலையன்று. பணியாளர்க்கான அன்பளிப்பையும் நாளொன்றுக்கு இவ்வளவென்று பல கப்பல்களில் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். கைப்பேசி தானாகவே கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் சேர்ந்தால் கட்டணம் கழுத்தை அறுக்கும். புறப்பட்டதும் விமானப் பயண நிலைக்கு மாற்றிவிடுங்கள்.

இதுவரை சொன்னவை பணத்தையும் வயிற்றையும் காக்கும் யோசனைகள். இனிச் சொல்வது உயிரைக் காப்பது. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது அதில் இருந்தவர் சுமார் 2,200 பேர். உயிர்காப்புப் படகுகளில் இடமோ 1,178 பேருக்கு. அந்த இடமும் நிரம்பவில்லை. முதலில் இறக்கப்பட்ட படகில் 65 பேர் அமரலாம்; ஏறியவர் 30 பேர்கூட இல்லை. எங்கே போவது, எதில் ஏறுவது என்று பயணிகளுக்கு எவரும் பழக்கியிருக்கவில்லை. சுமார் 1,500 பேர் மாண்டனர். 1914இல் லண்டனில் கையெழுத்தான கடலுயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை இந்தத் துயரத்தின் விளைவு.

பாடம் முழுமையாகக் கற்கப்படவில்லை. 2012 ஜனவரி 13 இரவு கோஸ்டா கான்கார்டியா இத்தாலியின் ஜீலியோ தீவருகே பாறையில் மோதிச் சரிந்தது. 32 பேர் இறந்தனர். அன்று மாலை சிவிதவெக்கியா துறைமுகத்தில் ஏறிய ஏறத்தாழ 700 பயணிகளுக்கு ஒத்திகை நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அன்றைய விதி. கப்பல் புறப்படுமுன், அல்லது புறப்பட்ட உடனேயே, ஒத்திகை நடந்தாக வேண்டும் என்னும் திருத்தம் 2015 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒத்திகை மணி நம் உல்லாசத்தைக் கெடுக்கிறது என்று சலித்துக்கொள்வோர், அந்த மணியின் நேரத்தை மாற்றுவதற்கு 32 உயிர்கள் விலையாயின என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நோய் சொன்ன பாடமும் உண்டு. 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட டயமண்ட் பிரின்செஸ் கப்பலில் இருந்த 3,711 பேருள் 712 பேரைக் கொரோனா தொற்றியது. கப்பல்களில் அவ்வப்போது பரவும் வயிற்றுநோய்க் கிருமியான நோரோவைரசுக்கோ கைத்தெளிப்பானைவிடச் சோப்பும் தண்ணீருமே சிறந்த காப்பு.

சென்னைக் கப்பலில் ஒத்திகை நடந்தபோது பலரும் தற்படம் எடுத்துக்கொண்டிருக்க, முதியவர் ஒருவர் மட்டும் உயிர்காப்பு அங்கியின் ஒவ்வொரு வாரையும் கட்டி அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேச்சுக்கொடுத்தோம். இளமையில் எம்.வி. சிதம்பரம் கப்பலில் பினாங்குக்குப் போய்வந்தவராம். "தம்பி, ஏறினதும் முதல்ல வெளிய போற வழியைப் பாத்துக்கணும்; அப்புறந்தான் பாயை விரிக்கணும்" என்றார். படிக்கட்டுக்குப் பக்கத்தில் இடம் பிடிப்பது, கைக்கு எலுமிச்சம்பழம், வெறும் வயிற்றோடு படுக்காமல் இருப்பது என்று மேலும் சொன்னார். அக்கப்பல் 1985இல் தீப்பற்றிப் பலர் மாண்டதும், அத்துடன் அப்பயணிச் சேவை முடிவுற்றதும் அவர் சொல்லாமலே நமக்கு விளங்கியது.

சிதம்பரத்துக்கு முன்னர் நாகப்பட்டினத்தார் அறிந்தது ரஜூலா. 1926இல் கட்டப்பட்டு, ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் வழியில் ஓடிய கப்பல். கொள்ளளவு சுமார் 8,500 டன். தொடக்கத்தில் 5,000க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. 2024இல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் என்னும் உல்லாசக் கப்பலின் கொள்ளளவு 2,48,663 டன். உச்ச அளவில் பயணிகள் 7,600 பேர். இவ்விரண்டு கணக்கையும் வகுத்துப் பார்த்தால், ஒருவருக்குக் கிடைத்த இடத்தைப் பற்றி வேறு விளக்கம் தேவைப்படாது.

தாக்கரேயும் ட்வெய்னும் சொன்னவை அச்சேறின. ரஜூலாவின் தளத்தில் பாய் விரித்தவர்கள் சொன்னவற்றுள் பெரும்பகுதி காற்றோடு போயிற்று. அவர்களும் பருவம் பார்த்தார்கள், இடம் தேர்ந்தார்கள், உடல் பேணினார்கள். அடுத்துக் கப்பலேறியவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 1985க்கு முன் அவ்வழியே சென்றவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த விடுமுறைக்குக் கப்பல் சீட்டு வாங்க எண்ணுவோர் அப்படியொருவரைத் தேடிச் சென்று கேட்கலாம். கேட்டதை எழுதியும் வைக்கலாம்.