கட்டிய கண்ணும் திறந்த கண்ணும்

1778 ஆம் ஆண்டு பாரிசு நகருக்கு ஒரு மருத்துவர் வந்து சேர்ந்தார். வியன்னாவில் பட்டம் பெற்றவர். மெஸ்மர் என்பது பெயர். கண்ணுக்குத் தெரியாத காந்தப் பாய்மம் ஒன்று அண்டமெங்கும், மனித உடலெங்கும் ஓடுகிறது. அது தடைப்பட்டால் நோய், தடை நீங்கினால் நலம் என்றார். மந்திரம் என்று அவர் சொல்லவில்லை, தோழர்களே! விஞ்ஞானம் என்றே சொன்னார்.

அவருடைய கூடத்தின் நடுவே ஒரு மரத்தொட்டி. தொட்டியிலிருந்து இரும்புக் கம்பிகள் நீண்டிருக்கும். சுற்றி அமர்ந்த சீமான்களும் சீமாட்டிகளும், நோயுள்ள உறுப்பில் கம்பியை வைத்துக்கொண்டு காத்திருப்பர். மெல்லிய இசை ஒலிக்கும். மெஸ்மர் கை நீட்டுவார், உற்று நோக்குவார். ஒருத்தி அழுவாள், ஒருவன் சிரிப்பான், இன்னொருத்தி வலிப்புக் கண்டு வீழ்வாள். எழுந்ததும், நோய் நீங்கிற்று என்பாள். நம் ஊர்க் கோடங்கி உடுக்கையுடன் ஆடும் காட்சிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பட்டும் சரிகையும் தவிர வேறில்லை!

1784 இல் மன்னன் பதினாறாம் லூயி, உண்மை அறிய ஒரு குழுவை அமைத்தான். வேதியியலின் தந்தை லவாய்சியர், வானநூல் வல்லார் பெய்லி, மருத்துவர் கில்லட்டின், அமெரிக்கத் தூதராக அங்கிருந்த பெஞ்சமின் பிராங்கிளின் ஆகியோர் அதில் இருந்தனர். ஏமாற்று என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை, சோதித்தனர்.

மெஸ்மர் ஒத்துழைக்க மறுத்தார். அவருடைய சீடர் டெஸ்லோன் முன்வந்தார். பாஸ்ஸி என்னுமிடத்தில் பிராங்கிளின் குடியிருந்த மாளிகைத் தோட்டத்தில் ஓர் ஆப்ரிகாட் மரத்துக்குக் காந்தம் ஊட்டினார். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்ணைக் கட்டி அழைத்து வந்தனர். காந்தமூட்டிய மரத்தைத் தொட்டால் அவன் மயங்கவேண்டும், மற்ற மரங்கள் அவனை ஒன்றும் செய்யலாகாது, இதுவே சோதனை. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு மரங்களிடம் அவனைக் கொண்டு சென்றனர். நான்கில் ஒன்றுகூடக் காந்தமூட்டிய மரமன்று. நான்காவது மரத்தடியில் சிறுவன் மயங்கி வீழ்ந்தான். காந்த மரமோ ஏறத்தாழ 24 அடி தொலைவில், ஏதுமறியாமல் நின்றது!

வேறு சிலருக்குக் காந்தம் ஊட்டாமலே ஊட்டுவதாகச் சொன்னார்கள், வலிப்பு வந்தது. சொல்லாமல் ஊட்டினார்கள், ஒன்றும் நேரவில்லை. பாய்மம் என ஒன்று இல்லை, கற்பனையே இத்தனையும் செய்கிறது என்று குழு தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பின் முதற்பாதியை நம் மேடைகள் நன்கறியும்; பித்தலாட்டம் வெளிப்பட்டது என்று கைதட்டுவோம். இரண்டாம் பாதியை எண்ணிப் பார்ப்போர் குறைவு. பாய்மம் பொய், ஆனால் அந்தச் சிறுவனின் மயக்கம் மெய். ஒரு நம்பிக்கை, ஒரு சொல், ஒருவர் பார்வை மனித உடலை வீழ்த்த முடியுமானால், எழுப்பவும் முடியுமா? இந்த வினாவைத்தான் அக்குழு வருங்காலத்துக்கு விட்டுச் சென்றது. (1793 இல் பெய்லியும் 1794 இல் லவாய்சியரும் தலைவெட்டும் பொறிக்குப் பலியாயினர். அப்பொறிக்குக் கில்லட்டின் பெயர் ஒட்டிக்கொண்டது. கண்கட்டுச் சோதனைக்கு எவர் பெயரும் ஒட்டவில்லை. வரலாறு இப்படித்தான் பெயர் சூட்டுகிறது.)

வினாவுக்கு விடை கூற வந்தவர் பலர். பேசியே மனநோயைத் தீர்ப்போம் என்றனர்; குணமான கதைகளை அடுக்கினர். கதைக்கா பஞ்சம்? மெஸ்மரிடமும் கதைகள் இருந்தன. கண்ணைக் கட்டிப் பார்த்தவர் யார் என்பதே கேள்வி.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ரிச்சர்டு கேபட் என்ற மருத்துவர் அதற்குத் துணிந்தார். வழிதவறக்கூடிய ஏழைச் சிறுவர்களுக்கு அன்பான வழிகாட்டி ஒருவரைக் கொடுத்தால், குற்றவாளியாகாமல் காக்கலாம் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்! நாமாயிருந்தால் மறுநாளே தொடங்கியிருப்போம், ஆண்டுவிழாவும் நடத்தியிருப்போம். அவரோ 506 சிறுவர்களை இணை இணையாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் யாருக்கு உதவி, யாருக்கு இல்லை என்பதை நாணயம் சுண்டித் தீர்மானிக்கும் திட்டத்தை வகுத்தார். உதவி 1939 முதல் 1945 வரை நடந்தது. வழிகாட்டிகள் வீடு தேடிச் சென்றனர். பாடம் சொல்லித் தந்தனர். மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். கோடை முகாம்களுக்கு அனுப்பினர்.

முப்பதாண்டு கழித்து, ஜோன் மக்கார்டு என்ற ஆய்வாளர் அந்தச் சிறுவர்களைத் தேடினார். இப்போது அவர்கள் நடுவயது ஆடவர். உதவி பெற்றவர்களுள் மூன்றில் இரு பங்கினர், அது தமக்கு நன்மை செய்தது என்று நெஞ்சாரச் சொன்னார்கள். 1978 இல் மக்கார்டு வெளியிட்ட கணக்கு வேறொன்று சொல்லிற்று. மீண்டும் குற்றம் இழைத்தோர், குடிநோயின் அறிகுறி காட்டியோர், கடும் மனநோய்க்கு ஆளானோர், இளவயதில் இறந்தோர் ஆகியோர் உதவி பெற்ற பக்கத்தில்தான் மிகுந்திருந்தனர்!

தோழர்களே, இந்தக் கணக்கைச் சற்று நேரம் நெஞ்சில் நிறுத்திப் பாருங்கள். இங்கே பூசாரி இல்லை, பில்லிசூனியம் இல்லை, ஏமாற்று எள்ளளவும் இல்லை. அன்பு இருந்தது, படிப்பு இருந்தது, நல்ல நோக்கம் இருந்தது. பயன் பெற்றவரே பயன் பெற்றேன் என்று சாட்சி கூறினார். அத்தனையும் சேர்ந்தும் உண்மையாகவில்லை. நாணயம் சுண்டி மறுபாதியை ஒதுக்கி வைத்திராவிட்டால், இன்றளவும் அதைப் பெருவெற்றி என்றே எழுதிக்கொண்டிருப்போம்.

1952 இல் ஐசென்க் என்ற உளவியலார் இங்கிலாந்திலிருந்து ஒரு வெடியை வீசினார். நரம்புத்தளர்ச்சி நோயாளருள் மூன்றில் இரு பங்கினர், உளச்சிகிச்சை பெற்றாலும் பெறாவிட்டாலும் ஈராண்டில் தேறிவிடுகின்றனர் என்றார். அவர் கணக்கில் ஓட்டைகள் இருந்தன. எனினும் அந்த வெடியோசையில் தூங்கியவர் விழித்தனர்; ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுகள் பெருகின. 1977 இல் ஸ்மித், கிளாஸ் என்ற இருவர் 375 ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டபோது, சிகிச்சை பெற்ற சராசரி மனிதர், பெறாதவருள் நூற்றுக்கு 75 பேரைவிட நலமாயிருந்தார் என்று கண்டனர். சொல் குணப்படுத்துகிறது, ஆனால் எல்லாச் சொல்லும் அன்று, எல்லாருக்கும் அன்று.

பட்டம் பெற்ற மருத்துவர் வாயிலிருந்து வந்தால்தான் அந்தச் சொல் பலிக்குமா? பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதிக் கிராமங்களில் 903 தாய்மார்களைக் கொண்டு இதைச் சோதித்தனர். எல்லாரும் கருவுற்ற காலத்திலேயே மனச்சோர்வில் ஆழ்ந்தவர்கள். ஒரு பகுதி ஊர்களில், சுகாதாரப் பணிப்பெண்களுக்குச் சிறு பயிற்சி அளித்தனர்: சோர்ந்த எண்ணத்தை அடையாளம் காண்பது எப்படி, அதனிடத்தில் வேறோர் எண்ணத்தையும் ஒரு செயலையும் வைப்பது எப்படி என்று. மறுபகுதி ஊர்களில் அதே பணிப்பெண்கள் அத்தனை முறையே வீட்டுக்குப் போனார்கள், ஆனால் அந்தப் பயிற்சி இல்லை. கவனியுங்கள்: வீட்டுக்குப் போவது மட்டுமே மருந்தா என்ற ஐயத்துக்கும் இடம் வைக்கவில்லை! 2008 இல் வெளியான முடிவு இது: குழந்தை பிறந்து ஆறு திங்களில், பயிற்சி இல்லாத பகுதியில் நூற்றுக்கு 53 தாய்மார் சோர்விலேயே இருந்தனர், பயிற்சி உள்ள பகுதியில் 23 பேர். குழந்தைகளின் எடையும் உயரமும் கூடும் என்று எதிர்பார்த்தார்கள், அது கூடவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்கள்.

கோவாவில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதைப் போன்றதொரு சோதனை நடந்தது. மனநலப் பட்டமில்லாத சாமானியர் பயிற்சி பெற்று, கடும் மனச்சோர்வுற்றோருடன் ஆறு முதல் எட்டு முறை அமர்ந்து பேசினர். 2017 இல் முடிவு வந்தது. மூன்று திங்களில் தேறியவர், பேச்சு கிடைத்தோரில் நூற்றுக்கு 64, கிடைக்காதோரில் 39.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த மனநோயாளரை வைத்திருந்த தனியார் விடுதி ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. எந்த வகையிலும் சங்கிலியிடலாகாது என்று 2017 ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடுத்துவிட்டது. அந்தத் தீயைச் சொல்லி நாம் எழுப்பும் சினம் நேர்மையானது.

ஆனால் மறு ஆண்டே, 2002 இல், பிரிட்டிஷ் மருத்துவ ஏடு ஒன்றில் வேறொரு கட்டுரை வந்தது. தமிழ்நாட்டு வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோவிலில் வந்து தங்கிய கடும் மனநோயாளர் 31 பேரை ஆய்வாளர்கள் அளந்து பார்த்தனர். பேயோட்டும் சடங்கு அங்கே இல்லை. உறவினர் ஒருவருடன் தங்கி, கோவிலைத் தூய்மை செய்வது, செடிக்கு நீர் ஊற்றுவது போன்ற சிறு வேலைகளில் சேர்ந்துகொள்வர். சில வாரத்தில் நோய்க்குறி அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

பகுத்தறிவாளர் என்ன செய்வது? கோவில் என்பதால் கட்டுரையைக் கிழித்தெறிவதா? பாரிசுக் குழு அப்படிச் செய்யவில்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்போம். ஒப்பிட்டுப் பார்க்க மறுகுழு எங்கே? இல்லை. ஆகவே குறைத்தது முத்துசாமியா, அடித்து விரட்டாத இடமா, அருகிருந்த உறவா, கடந்துபோன நாட்களா என்று இந்த எண்ணால் சொல்ல முடியாது. சாமிக்குச் சான்று இல்லை. அமைதியான இடத்துக்கும் வேலைக்கும் துணைக்கும் மேற்கொண்டு சோதிக்கத்தக்க ஒரு தடயம் இருக்கிறது. இதே கேள்வியை நம் மன்றம் திறக்கும் ஆலோசனை நிலையத்தையும் பார்த்துக் கேட்க நமக்குத் துணிவு வேண்டும். கேபட் தம் சொந்த அன்பையே கேட்டாரல்லவா!

மேற்கொண்டு சோதித்தவர்களும் உண்டு. கோவா, சதாரா, நம் காஞ்சிபுரம் ஆகிய இடங்களில் 282 மனச்சிதைவு நோயாளர் சேர்க்கப்பட்டனர். அனைவருக்கும் மருத்துவமனைச் சிகிச்சை உண்டு. மருந்தைக் கைவிடச் சொல்லவில்லை. குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு மட்டும், பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் கூடுதலாக வீடு தேடிச் சென்றனர். நோயைப் பற்றி நோயாளிக்கும் வீட்டாருக்கும் விளக்கினர், வேலைக்குத் திரும்ப வழி பார்த்தனர். 2014 இல் முடிவு வெளியாயிற்று. பயன் பெரிதன்று; ஆயினும் உண்டு. அன்றாடக் காரியம் செய்ய இயலாத நிலை குறைந்தது. அந்தக் குறைவு காஞ்சிபுரத்து நாட்டுப்புறத்தில் தெளிவாகத் தெரிந்தது. வீட்டாரின் சுமை குறையவில்லை. ஊரார் காட்டும் ஒதுக்கலும் குறையவில்லை.